இடம் உண்டா?

கூட்டமான ரயில் வண்டியில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கிற வரையில், "உள்ளே எவ்வளவோ இடம் இருக்கிறதே, கொஞ்சம் நகர்ந்துகொள்ளக் கூடாதா?" என்று கெஞ்சுகிற மனிதரே, ஏறி உட்கார்ந்து மூட்டையைக் காலடியில் தள்ளிக்கொண்டதும், அடுத்த ஸ்டேஷனில் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இங்கே இடமில்லை ஐயா, வேறு பெட்டி பாரும்!" என்கிறார். அவர் சொல்வது முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. உட்கார்ந்திருப்பவருடைய மனத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் பெட்டியிலும் இருக்கும்.

கல்லூரிகளின் சரித்திரத்தைப் புரட்டும்போது எனக்கு இந்த ரயில் பெட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். அதனாலோ என்னவோ, பட்டம் வாங்கியவர்களைவிட, "எனக்கு ஓர் இடம் கொடுங்கள்" என்று மனுப் போட்டவர்களிடம்தான் எனக்கு அக்கறை அதிகம். அந்த மனுக்களுக்கு வந்த பதில்களைப் படித்துப் பார்த்தால், நாவல்களில் கிடைக்காத சுவாரசியம் கிடைக்கிறது. வைத்தியம் படிக்க வேண்டும் என்று பெண்கள் போட்ட மனுக்களின் கதையை மட்டும் இங்கே சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்வெல் என்ற பெண்மணி கல்லூரி கல்லூரியாக எழுதிப் பார்த்தார். பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இருந்த பெரிய கல்லூரிகளெல்லாம் கையை விரித்துவிட்டன. 1847-ல் ஜெனீவா என்ற சிற்றூரின் கல்லூரிக்கு மனு போயிற்று. நியூயார்க் மாகாணத்தில் உள்ள ஜெனீவா அது. ஸ்விட்சர்லாந்தில் உள்ளது அன்று. அங்கே இருந்த ஆசிரியர்களுக்கு, முடியாது என்று தாங்களே எழுதத் தயக்கம். ஆகவே, மாணவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு பையன் ஆட்சேபித்தாலும் மனு தள்ளுபடி என்று நிபந்தனையும் போட்டார்கள். சுமார் 150 பையன்களில் ஒருவன்கூடவா ஆட்சேபிக்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. பையன்களோ இது யாரோ செய்கிற கேலி என்று நினைத்து, ஏகமனதாகக் கைதூக்கிவிட்டார்கள்! சில வாரங்கள் கழித்து நிஜமாகவே ஒரு பெண் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது திகைத்துப் போனார்கள். 1849 ஜனவரியில் எலிசபெத் பட்டம் பெற்றார். அதன் பிறகு அவருடைய தங்கை எமிலி அதே கல்லூரிக்கு மனுப் போட்டார். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தடவைதான் விளையாட முடியும் போலிருக்கிறது.

விளையாட்டாக வாங்கிய இடம் நிலைக்காது என்று தெரிந்தது. அடுத்து, நியாயம் பேசி வாங்கிப் பார்த்தவர்கள் கதை.

1869 மார்ச் மாதத்தில் ஸோபியா ஜெக்ஸ்-பிளேக் என்ற ஆங்கிலப் பெண்மணி எடின்பரோ பல்கலைக் கழகத்துக்கு மனுச் செய்தார். வைத்தியப் பிரிவு ஆசிரியர்கள் ஒருவாறு சம்மதித்தார்கள். ஆனால் மேலே இருந்த நிர்வாகக் குழு தடுத்துவிட்டது. என்ன காரணம் சொல்லிற்று தெரியுமா? பெண்ணுக்கு மூளை போதாது என்று சொல்லவில்லை. படிப்பு குறைவு என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு பெண்மணிக்காகத் தனி ஏற்பாடுகள் செய்ய இயலாது என்று சொல்லிற்று. மறுக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட ஆபீஸ்களில் எழுதுகிற கடிதம் எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலும்.

ஆனால் இந்த அம்மாள் அந்தக் கடிதத்தை வக்கீல் படிப்பது போலப் படித்தார். ஒரு பெண்ணுக்கு இயலாது என்றால், பல பெண்களுக்கு இயலும் என்றுதானே அர்த்தம்? பத்திரிகையில் செய்தி கொடுத்துத் துணை தேடினார். கோடைக்குள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். மறுபடியும் மனு போயிற்று. இந்தத் தடவை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. அக்டோபரில் நடந்த நுழைவுத் தேர்வில் 152 பேர் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஐந்தே பேர். முதல் ஏழு இடங்களில் நான்கை அந்தப் பெண்கள் பிடித்தார்கள். பின்னால் இன்னும் இருவர் சேர்ந்ததால் 'எடின்பரோ எழுவர்' என்ற பெயர் வந்தது.

இடம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று வாசகர்கள் நினைக்கலாம். உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது. ஈடித் பீச்சி என்பவர் ரசாயனத் தேர்வில் உதவிச் சலுகைக்கு உரிய மதிப்பெண் வாங்கியும், அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பெண்களுக்குத் தனி வகுப்பு நடத்தியதால் அவர்கள் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே ஆகமாட்டார்கள் என்று வியாக்கியானம் செய்தார்கள். சேர்ந்து உட்காரக்கூடாது என்று தனியே உட்காரவைத்தவர்களும் அவர்கள்தான்! 1870 நவம்பர் 18-ம் தேதி, உடற்கூற்றுத் தேர்வு எழுதப் போன பெண்களை ஒரு பெரிய கூட்டம் வாசலில் மறித்துச் சேற்றை வாரி வீசிற்று. கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார்கள். உள்ளே தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது ஓர் ஆட்டையும் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1873-ல் தீர்ப்பு வந்தது: பட்டம் கொடுக்கப் பல்கலைக் கழகம் கடமைப்பட்டதல்ல, பெண்களைச் சேர்த்ததே சட்டப்படி தவறு. நான்கு வருஷப் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று.

அந்த வேளையில், எடின்பரோவிலிருந்து எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால், நமது சென்னைப் பட்டணத்தில் இன்னொரு மனு தயாராகிக்கொண்டிருந்தது.

வில்லியம் ஷார்லீப் என்ற பாரிஸ்டரை மணந்துகொண்டு 1866-ல் சென்னைக்கு வந்தவர் மேரி ஷார்லீப். கோஷாவில் இருந்த பெண்களும், ஆசாரமான குடும்பத்துப் பெண்களும் பிரசவ காலத்தில் படுகிற பாட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். ஆண் வைத்தியர் உள்ளே வரக்கூடாது. பெண் வைத்தியரோ கிடையாது. அறைக்கு வெளியே டாக்டரை உட்காரவைத்து, உள்ளே உயிர் போய்க்கொண்டிருப்பதை வேறொருத்தி வந்து வாய்மொழியாகச் சொல்லுகிற நிலைமை. பாட்டிமார் வாயால் பிரசவக் கதைகள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அப்போது சென்னையில் சர்ஜன் ஜெனரலாக இருந்தவர் எட்வர்டு பால்ஃபர். எழும்பூர் மியூசியத்துக்கு முதல் அதிகாரியாக இருந்தவரும் இவரேதான். பெண்களை வைத்தியக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஏற்கெனவே வாதாடி வந்தார். அவருடைய ஆதரவால் 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். எடின்பரோ 1873-ல் சாத்திய கதவைச் சென்னை 1875-ல் திறந்தது என்றால் நம்முடைய ஊருக்குப் பெருமைதான், சந்தேகமில்லை.

ஆனால் பெருமைப்படுவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். எடின்பரோப் பெண்கள், "எங்களுக்கும் படிக்க உரிமை உண்டு" என்று கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். சென்னையில், "வைத்தியம் இல்லாமல் பெண்கள் சாகிறார்கள், அவர்களுக்காகப் பெண் வைத்தியர் வேண்டும்" என்று கேட்கப்பட்டது, கொடுத்துவிட்டார்கள். உரிமை என்ற வார்த்தைக்குத் திறக்காத பூட்டு உபயோகம் என்ற வார்த்தைக்குத் திறந்துகொண்டது. கேட்டவளுடைய ஆசையை அதிகாரிகள் பார்க்கவில்லை; திரைக்குப் பின்னால் இருந்த நோயாளியின் அவஸ்தையைப் பார்த்தார்கள். அந்த முகந்தெரியாத நோயாளிப் பெண்தான் சென்னைக் கல்லூரியின் கதவைத் திறந்தவள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

அந்த நால்வரும் மூன்று வருஷம் படித்து 1878-ல் முடித்தார்கள். கிடைத்தது அத்தாட்சிப் பத்திரம், பட்டம் அன்று. ஆகவே மேரி ஷார்லீப் லண்டனுக்குப் போய் மறுபடியும் மாணவியானார். எடின்பரோவில் தோற்ற ஜெக்ஸ்-பிளேக் முன்னின்று 1874-ல் லண்டனில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியை ஆரம்பித்திருந்தார். மேரி அதிலேதான் சேர்ந்தார். 1876-ல் பார்லிமெண்டும் ஒரு சட்டம் செய்திருந்தது. வைத்தியத் தகுதி வழங்கும் ஸ்தாபனங்கள் பெண்களுக்கும் வழங்கலாம் என்றது சட்டம். "வழங்கலாம்" என்றுதான் சொல்லிற்று. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது மனுப் போட்டவர்களுக்குத்தான் தெரியும். நல்ல வேளையாக 1878-ல் லண்டன் பல்கலைக் கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. 1882-ல் மேரி தங்கப் பதக்கத்தோடு பட்டம் பெற்றார். 1883-ல் சென்னைக்குத் திரும்பினார். 1885-ல் கோஷாப் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட முக்கிய காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் ஆட்டோக்காரர்கூட யோசிக்காமல் வண்டியைத் திருப்புவார்.

எடின்பரோவில் உதவிச் சலுகை மறுக்கப்பட்ட ஈடித் பீச்சி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரும் 1883-ல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் காமா ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றார். எடின்பரோவுக்கு நஷ்டம், பம்பாய்க்கு லாபம்.

சென்னைக் கதவு திறந்திருக்கிறது என்ற செய்தி வங்காளம் வரையில் போயிற்று. அபலா தாஸ் என்ற பெண் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டபோது, பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1882-ல் அவர் வங்காள சர்க்காரின் உபகாரச் சம்பளத்தோடு சென்னைக்கு வந்து படித்தார். அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்து ஓர் இளம்பெண் தாய் மொழி, சாப்பாடு, சீதோஷ்ணம் எல்லாவற்றையும் விட்டுச் சென்னைக்குப் படிக்க வருவதென்றால் சாமானியமா? உடல்நிலை இடங்கொடுக்கவில்லை, பட்டம் பெறாமலே திரும்பினார். பிற்காலத்தில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியாகவும், பெண் கல்விக்கு உழைத்தவராகவும் புகழ்பெற்றார். ஆனால் அவர் திரும்பிப் போவதற்குள் கல்கத்தாவே மாறத் தொடங்கிவிட்டது. கல்லூரிக்காரர்களின் ஆட்சேபத்தை மாகாண சர்க்கார் தள்ளிவிட்டது. காதம்பினி கங்கூலி அங்கே சேர்ந்து, 1886-ல் வைத்தியராக வெளிவந்தார்.

அதே 1886-ல், கடலுக்கு அப்பால் பென்ஸில்வேனியாவில் இன்னொரு இந்தியப் பெண் பட்டம் பெற்றாள். ஆனந்திபாய் ஜோஷி. தபால் இலாகா குமாஸ்தா ஒருவரின் மனைவி; பதினாலாவது வயதில் பெற்ற குழந்தையைச் சில நாட்களிலேயே பறிகொடுத்தவள். பெண்களுக்கென்றே 1850-ல் ஏற்பட்ட கல்லூரி அது. ஆகவே பெண் என்பதற்காக அங்கே மறுக்கமாட்டார்கள். ஆனால் அவளிடம் போதிய பள்ளிப் படிப்பு இல்லை, பணமும் இல்லை. 1883-ல் அவள் எழுதிய மனுவில் இதை மறைக்கவில்லை. தோழிகளும் சாதியாரும் ஒன்றாக எதிர்த்தும், அதை மீறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே, அந்த உறுதியையே என் தகுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்ற பொருள்பட எழுதினாள். ஆண் வைத்தியரிடம் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கும் பெண்களுக்காகப் படிக்க வந்தேன் என்றும் சொன்னாள். மதிப்பெண் பட்டியல் கேட்கும் இடத்தில் தன் வாழ்க்கையையே எழுதிக் கொடுத்தாள். கல்லூரித் தலைவி ரேச்சல் பாட்லி அதைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தார். இடமும் உதவித் தொகையும் கொடுத்தார். பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பிய ஆனந்தி, 1887 பிப்ரவரியில் காசநோயால் இறந்துபோனாள். வயது 21. ஒரு நோயாளிக்கும் இங்கே வைத்தியம் செய்ய அவளுக்குக் காலம் கிடைக்கவில்லை. அவள் விட்டுச் சென்றது அந்த மனுவைத்தான்.

இப்போது நம் புதுக்கோட்டைக்கு வருவோம்.

1904-ல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பில் சேர ஒரு பெண் மனுச் செய்தார். பெயர் முத்துலட்சுமி. 1886-ல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் அந்தக் கல்லூரியிலேயே முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இதுவரை நான் சொன்ன மனுக்களில் எல்லாம், கேட்டவளுக்குப் பின்னால் நோயாளி ஒருத்தி நின்றாள். "எனக்காக இல்லை, அவளுக்காக" என்று சொல்ல வழியிருந்தது. எஃப். ஏ. வகுப்பில் சேர அப்படி என்ன காரணம் சொல்ல முடியும்? எனக்குப் படிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆகவே இதுதான் எல்லாவற்றிலும் கடினமான மனு என்பது என் அபிப்பிராயம்.

ஆட்சேபங்கள் வந்தன. பெண் ஒருத்தி வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தங்கள் மாணவர்களுடைய ஒழுக்கத்தில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது! பெற்றோர்கள் சிலர் அவருடைய தாயாரின் குலத்தைப் பற்றிப் பேசினார்கள். எடின்பரோவில் 'ஒரே ஒரு பெண்' என்று சொன்னார்கள். புதுக்கோட்டையில் 'இந்தப் பெண்' என்று சொன்னார்கள். தகுதி போதாது என்று மட்டும் இங்கேயும் சொல்ல முடியவில்லை. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். வகுப்பில் பையன்கள் பார்வையில் படாதபடி ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் அவர் ஒருவர். அந்தத் திரை யாரை யாரிடமிருந்து காப்பாற்றிற்று என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

1907-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 32 வருஷங்களுக்கு முன்னால் மேரி ஷார்லீப் நுழைந்த அதே கல்லூரி. 1912-ல் பட்டம் பெற்றார். பிறகு நடந்தது தமிழ்நாடு அறிந்த விஷயம்: சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரானதும், அதன் துணைத் தலைவியானதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆரம்பித்ததும். யாருடைய குலத்தைச் சொல்லி இடமில்லை என்றார்களோ, அவர் பிறகு எத்தனையோ பேருக்குப் படுக்கை இடம் தேடிக் கொடுத்தார். 'இடம் உண்டா?' என்று கேட்டு நிற்பவரின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த மனுக்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கதவு திறந்த இடங்களில் எல்லாம் உள்ளே யாரோ ஒருவர் இருந்தார்: ஒரு பால்ஃபர், ஒரு ரேச்சல் பாட்லி, ஒரு தொண்டைமான். அவர்களை மறக்கக்கூடாது. ஆனால் வெளியே நின்று மனு எழுத ஓர் ஆள் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நல்லவருக்கு என்ன வேலை? அத்துடன், திரும்பி வந்த மனுக்கள் எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அவை எந்தப் பெட்டியின் அடியில், எந்தப் பட்டுப்புடவை மடிப்பில் மங்கிப் போயினவோ! வெற்றி பெற்ற மனுக்களைப் பற்றி எழுதும்போது அவற்றையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நியாயம்.

2019 ஜூலையில் எடின்பரோ பல்கலைக் கழகம் அந்த எழுவருக்கும் மரணத்துக்குப் பிந்திய பட்டம் வழங்கிற்று. அங்கே மருத்துவம் படிக்கும் பெண்கள் எழுவர் அவர்கள் சார்பில் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். 1869-ல் போட்ட மனுவுக்கு 150 வருஷம் கழித்துப் பதில் வந்தது. தாமதமானாலும் பதில் பதில்தான்.

நம் தேசத்தில் 2024-ல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு 24 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானவர்கள் பெண்கள். மனுவில் 'ஆணா, பெண்ணா?' என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலே ஒரு சிறு குறி போட்டுவிட்டு அந்தப் பெண்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், அப்படித்தான் போக வேண்டும். நேரம் கிடைக்கும்போது வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்தப் பெண்ணிடம் எடின்பரோச் சேற்றைப் பற்றியும், புதுக்கோட்டைத் திரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது.